மொந்தால்வோ யார்?

எர்லிந்தாவுக்கு இரண்டு வேலை. பகலில் பம்ளிமாஸ் கிடங்கில் பழங்களை அளவு பார்த்துத் தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்குவாள். சாயங்காலம், யார் வீட்டிலாவது சாவு விழுந்திருந்தால், அங்கே போய் ஜெபமாலை சொல்வாள். முதல் வேலை வயிற்றுக்கு. ஆனால் சான் எஃப்ரேன் ஊரின் தென்பகுதி முழுக்க அவளுக்கு மரியாதை வாங்கித் தந்தது இரண்டாவது வேலைதான். சாவு வீட்டில் ஒன்பது நாள் ஜெபம் நடக்கும். ஒன்பது நாளும் இறந்தவரின் முழுப்பெயரை அவள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: இட்ட பெயர், அப்பா வழிப் பெயர், அம்மா வழிப் பெயர். மூன்றில் ஒன்றை விட்டாலும் கடவுள் ஆள் மாற்றிக் கூப்பிட்டுவிடுவார் என்பது அவள் கட்சி.

"ஊர்ல எத்தனை கர்சா இருக்கான்? அம்மா பேரையும் சேத்துச் சொன்னாத்தானே எந்த கர்சான்னு அவருக்குத் தெரியும்? அவருக்கு மட்டும் வேற வேலை இல்லையா?" என்பாள்.

ஊரில் எல்லோருக்கும் மூன்று பெயரையும் சொல்லி அனுப்பி வைத்த அந்த எர்லிந்தாவால், தன் சொந்தத் தங்கையை அப்படி அனுப்ப முடியவில்லை. தங்கை புருஷன் விடவில்லை. அதற்கு அவள் எப்படிப் பழி தீர்த்தாள் என்பதுதான் இங்கே சொல்ல வந்தது. நடுநிலையான கதை வேண்டுமென்றால் வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு எர்லிந்தா பக்கம்தான்.

அக்காவும் தங்கையும் டெக்சஸ் மண்ணில், மெக்சிகோ எல்லை ஆற்றுக்கு இந்தப் பக்கம் பிறந்தவர்கள். அப்பா லொங்கோரியா, அம்மா மொந்தால்வோ. ஆகவே மூத்தவள் எர்லிந்தா லொங்கோரியா மொந்தால்வோ, இளையவள் அம்பாரோ லொங்கோரியா மொந்தால்வோ. பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் நாளே டீச்சரம்மாவுக்கு இது பெரிய பாரமாகப் போய்விட்டது. மூத்தவளை லிண்டா என்றும் இளையவளை ஏமி என்றும் எழுதிக்கொண்டாள். லிண்டா என்று கூப்பிட்டபோதெல்லாம் எர்லிந்தா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கையில் அடி விழுந்தது. மறுநாளும் ஜன்னல், மறுநாளும் அடி. நாலாம் வகுப்போடு அவள் படிப்பு முடிந்தது. அம்பாரோ சாது. ஏமி என்றால் "எஸ், மேடம்" என்று எழுந்து நின்றாள், பள்ளி இறுதிவரை படித்தாள், டிராக்டர் விற்கும் கடையில் தட்டச்சு வேலைக்குப் போனாள். கடைக்காரர் வெண்டல் கிரேடியையே கல்யாணமும் செய்துகொண்டாள்.

கிரேடி கெட்ட மனிதர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாமியார் வீட்டுக்குச் சாப்பிட வருவார். வந்தால் ஒவ்வொருவராகப் போய்த் தழுவி, கன்னத்தோடு கன்னம் வைத்து நலம் விசாரிப்பதுதான் அந்த வீட்டு வழக்கம். அவர் வாசலில் நின்றபடி மொத்தக் கூட்டத்துக்கும் சேர்த்து ஒரு கை ஆட்டுவார். போகும்போது அதுவும் கிடையாது, திரும்பிப் பார்த்தால் வண்டி போயிருக்கும். அவர் பாஷையில் நீயும் நீங்களும் ஒன்று. அதனால் ஸ்பானிய மொழியில் கற்றுக்கொண்ட நாலு வார்த்தையிலும் மாமியாரை "நீ" என்றே அழைத்தார். "ஆளு நல்லவன்தான், நாக்குக்குத்தான் யாரும் வழி சொல்லிக் குடுக்கல" என்று மாமியார் தெல்ஃபினா சிரித்துக்கொண்டே அவர் தட்டில் இன்னொரு கரண்டி பீன்ஸைப் போடுவாள்.

கிறிஸ்துமஸ் வந்தால் கிரேடி கடையிலிருந்து வாழ்த்து அட்டை வரும். உறை மேல் "மிசஸ் லொங்கோரியா" என்று இருக்கும். தெல்ஃபினா அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள்.

"இந்த வீட்டுல லொங்கோரியான்னு பொம்பளை யாரும் இல்லையே. என் நாத்தனார்தான் லொங்கோரியா. அவளுக்கு வந்ததை இங்க போட்டுட்டுப் போயிட்டான் பாரு தபால்காரன்."

நிஜமாகவே அந்த அட்டையை இரண்டு தெரு தள்ளியிருந்த நாத்தனாருக்கு அனுப்பிவிடுவாள். நாத்தனார் வருஷா வருஷம் கிரேடிக்கு நன்றி சொல்லி அனுப்புவாள். அம்பாரோவுக்குச் சிரிப்பை அடக்க முடியாது. கல்யாணம் கட்டினால் பெண்ணின் பெயர் போய்விடும் என்பது கிரேடியின் ஆட்களுக்குச் சூரியன் கிழக்கே உதிப்பதுபோல. ஆற்றங்கரை மக்களுக்கோ பெயர் எங்கேயும் போகாது. பிறந்தபோது வந்தது, புதைக்கும்போதும் கூட இருக்கும்.

பதினெட்டு வருஷம் இப்படி விருந்து நடந்தது. பிறகு தெல்ஃபினா காலமானாள். இன்னும் எட்டு வருஷம் கழித்து, எழுபத்தேழாம் வருஷம் பிப்ரவரியில், அம்பாரோ வயிற்றில் கட்டியோடு ஆஸ்பத்திரியில் படுத்தாள்.

கடைசி வாரத்தில் அவள் ஆங்கிலத்தை விட்டுவிட்டாள். கேட்டதற்கெல்லாம் அம்மா பேசிய பாஷையில்தான் பதில். கிரேடி ஜன்னலோரம் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், அவள் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அக்கா, கல்லுல என்னை முழுசா எழுதச் சொல்லு. அம்மாவையும் சேத்து."

"என்ன சொல்றா? தண்ணி கேக்கறாளா?" என்றார் கிரேடி. இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்தியவர்.

எர்லிந்தா ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "தன் முழுப்பேரும் கல்லுல இருக்கணும்னு கேக்கறா."

"இப்ப எதுக்கு அந்தப் பேச்செல்லாம்? அவ நல்லாயிடுவா" என்று பேப்பரை மடித்தார். மூன்றாம் நாள் அம்பாரோ போய்விட்டாள்.

அடக்கம் நாற்பது நிமிஷத்தில் முடிந்தது. அவருடைய கோயிலில், அவருடைய போதகர், மூன்று பாட்டு, அழுவதற்கு நேரம் ஒதுக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஒரு கம்பி வேலி உண்டு. வடக்கே கிரேடியின் ஆட்கள், தெற்கே ஆற்றங்கரை மக்கள். அம்பாரோவை வடக்கே வைத்தார்கள். ஒன்பது நாள் ஜெபத்துக்கு வீட்டைத் திறந்துவிடச் சொல்லி எர்லிந்தா கேட்டாள்.

"எல்லாம் முடிஞ்சுபோச்சு, எர்லிந்தா. அவ நிம்மதியா இருக்கா. இன்னும் ஒன்பது நாள் என்ன பண்ணப் போறீங்க?"

எர்லிந்தா தன் சமையலறையிலேயே ஜெபத்தை வைத்தாள். கூட்டம் தெருவரை நின்றது. கிரேடி ஒரு நாளும் எட்டிப் பார்க்கவில்லை. அடுத்த மாதம் கல் வந்தது. மேலே கொட்டை எழுத்தில் கிரேடி, கீழே ஒரு பாதியில் ஏமி, அதற்கும் கீழே அன்பு மனைவி. டீச்சரம்மா வைத்த பெயரும் புருஷன் வைத்த பெயரும். பெற்றவர்கள் கொடுத்ததில் ஒன்றுகூட இல்லை.

எர்லிந்தா நேரே டிராக்டர் கடைக்குப் போனாள். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்க வைத்தே பேசினார்.

"என் மனைவி பேரு ஏமி கிரேடி. நீ சொல்றது கல்யாணத்துக்கு முன்னாடி இருந்த பேரு."

"கல்யாணம் ஆனா பொறந்தது இல்லேன்னு ஆயிடுமா, மிஸ்டர் கிரேடி?"

"ரெண்டு ரெண்டு கடைசிப் பேரு இங்க யாருக்கும் கிடையாது. பாக்கறவங்களுக்குக் குழப்பம். இடம் என்னோடது, கல்லும் என்னோடது. விட்டுடு."

அவள் விட்டுவிட்டாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். அவள் விடவில்லை, கறுவிக்கொண்டிருந்தாள். ஒரு வருஷத்துக்கு மேல். பம்ளிமாஸைத் தாளில் சுற்றும்போதெல்லாம் ஒரு முறுக்கு அதிகமாக முறுக்கினாள். எங்காவது சாவு வீட்டில் முழுப்பெயரைச் சொல்லும்போது குரலை ஒரு படி உயர்த்தினாள். ஊர்ச் செத்தவர்களுக்கெல்லாம் கிடைப்பது தன் தங்கைக்குக் கிடைக்கவில்லையே என்று பொருமினாள். அந்த ஆள் தன்னிடம் ஏதாவது கேட்டு வரும் நாள் ஒன்று வேண்டும் என்று, ஜெபத்தின் கடைசியில் யாருக்கும் கேட்காமல் ஒரு வரி சேர்த்துக்கொண்டாள். பாவம்தான். பாதிரியாரிடம் அதைச் சொல்லி மன்னிப்பும் கேட்கவில்லை.

அந்த வரி வீண்போகவில்லை. அடுத்த வருஷம் கிரேடி கவுண்ட்டி கமிஷனர் பதவிக்கு நின்றார். வடபகுதி ஓட்டு மூன்றாகப் பிரிந்து கிடந்தது. ஜெயிக்க வேண்டுமானால் தென்பகுதி வேண்டும். அவருக்காகத் தெரு தெருவாக அலைந்த பௌதேலியோ, எர்லிந்தாவின் பக்கத்து வீட்டுக்காரன், வாசலில் வந்து நின்று தலையைச் சொறிந்தான்.

"தோன்யா எர்லிந்தா" என்று, பெரிய பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல்லோடு ஆரம்பித்தான். "உங்க மேல எல்லாருக்கும் ஒரு மரியாதை. நீங்க ஒரு நாள் மேடையில அவர் பக்கத்துல நின்னா போதும்."

"மரியாதை வேணும்னா அவர் வந்து கேக்கட்டும். உன்னை அனுப்பறது என்ன வழக்கம்?"

மறுநாள் அவரே வந்தார். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "எர்லிந்தா, நாம ஒரே குடும்பம்" என்று ஆரம்பித்தார்.

"கல்லு" என்றாள் அவள்.

"என்ன?"

"புதுக் கல்லு. தனியா. அவ முழுப்பேரு. அது நின்னப்புறம் நான் மேடையில நிக்கறேன்."

அவர் வானத்தைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார், சட்டைப் பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்தார். "சரி, சொல்லு. எழுத்து எழுத்தா சொல்லு."

அவள் எழுத்து எழுத்தாகச் சொன்னாள். டிராக்டர் உதிரிபாகத்தின் எண்ணை எழுதுவதுபோல அவர் எழுதினார். அம்பாரோ. லொங்கோரியா. மொந்தால்வோ என்று கடைசிச் சொல்லை எழுதியபோது புருவம் ஒருமுறை சுருங்கியது. ஆனால் அது என்ன, யாருடையது என்று கேட்கவில்லை. புத்தகத்தை மூடிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

அதுவரை எர்லிந்தா கேட்டது கல் மட்டும்தான். சத்தியமாக அவ்வளவுதான். அந்தச் சுருங்கின புருவத்தைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மற்றது தோன்றியது. இந்த ஆளுக்குத் தெரியாது. பதினெட்டு வருஷம் சாப்பிட்டுவிட்டு, போட்டது யாரென்று தெரியாது. உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு, நெடுநாளைக்குப் பிறகு ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே சட்டி கழுவினாள்.

கல்லை வெட்டியவன் காஸ்துலோ. அவன் அம்மா இறந்தபோது ஜெபம் சொன்னவள் எர்லிந்தாதான். ஏப்ரல் ஆரம்பத்தில் கல்லை நட்டான். மூன்று சொல்லும் ஆழமாக, ஒரே அளவில் இருந்தன. எர்லிந்தா மண்டியிட்டு ஒவ்வொரு எழுத்தாக விரலால் தடவினாள். அழுதாள். அவனும் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"இதோட விட்டுடுங்க, தோன்யா. கேட்டது கிடைச்சாச்சே."

"கல்லு அவளுக்குடா. எனக்கு இன்னும் ஒண்ணும் கிடைக்கல."

மே மாதத் தேர்தலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை பச்சாங்கா வைத்தார்கள். ஓட்டுக் கேட்கிறவர் ஊருக்கே மாட்டிறைச்சி சுட்டு, பீரும் பாட்டுமாக வைக்கும் விருந்து அது. ஆற்றோர மரங்களுக்கு நடுவே முந்நூறு பேர். தலை நரைத்த பெரியவர்களுக்கு முன்வரிசை. கிரேடி மேடையேறி, பௌதேலியோ எழுதிக் கொடுத்த ஸ்பானியப் பேச்சைப் படித்துவிட்டு, உற்சாகம் தாங்காமல் தாளை மடித்துச் சொந்தமாகப் பேசத் தொடங்கினார்.

"நீ என் குடும்பம்! என் மனைவி உன்னோட பொண்ணு! நீ எனக்கு ஓட்டுப் போடு!"

எண்பது வயதுக் கிழவர்கள் தட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள். பௌதேலியோ கண்ணை மூடிக்கொண்டான். பக்கத்தில் கறுப்புக் கவுனோடு தைத்து வைத்தது மாதிரி ஆடாமல் அசையாமல் நின்ற எர்லிந்தாவைக் காட்டி, "என் மனைவியின் அக்கா உங்ககிட்ட ரெண்டு வார்த்தை சொல்லுவாங்க" என்று ஆங்கிலத்துக்கு மாறி மைக்கை நீட்டினார்.

அவள் வாங்கிக்கொண்டாள். அவருக்கு ஒரு சொல்லும் தப்பக்கூடாது என்று ஆங்கிலத்திலேயே பேசினாள். கூட்டத்துக்கும் அது புரியும்.

"மிஸ்டர் கிரேடி, பதினெட்டு வருஷம் எங்க அம்மா கையால சாப்பிட்டீங்க. எங்க அம்மா பேரு என்ன? இவங்களுக்குச் சொல்லுங்க."

இவ்வளவு சுலபமான கேள்வியா என்று அவர் முகம் மலர்ந்தது. "மிசஸ் லொங்கோரியா! அந்தம்மா பண்ற பீன்ஸை மறக்க முடியுமா?"

முன்வரிசையில் ஒரு பொம்பளை களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். இறைச்சி சுடுபவன்கூடக் கரண்டியை நிறுத்திவிட்டான்.

"எங்க அம்மா எங்க அப்பாவைக் கட்டிக்கிட்டாங்க, மிஸ்டர் கிரேடி. அவருக்குத் தங்கச்சியா ஆகல. போகட்டும். போன வாரம்கூடப் புதுக் கல்லைப் பத்திப் பேப்பர்ல போட்டுக்கிட்டீங்களே, அதுல கடைசியா இருக்கற பேரு என்ன?"

"மொந்தால்வோ." அதை மட்டும் சரியாகச் சொன்னார்.

"மொந்தால்வோ யாரு?"

அவர் பௌதேலியோவைப் பார்த்தார். பௌதேலியோ தன் பூட்ஸைப் பார்த்தான். "அது... கோயில்ல வைக்கற பேரா? ஏதாவது புனிதரா?"

இந்தமுறை யாரும் வாயைப் பொத்திக்கொள்ளவில்லை. சிரிப்பு பின்வரிசையில் தொடங்கி மேடைவரை வந்தது. எர்லிந்தா அது அடங்கும்வரை காத்திருந்தாள். அவசரமே இல்லை அவளுக்கு.

"புனிதர்தான். அதுதான் எங்க அம்மா. தெல்ஃபினா மொந்தால்வோ. உனக்குச் சோறு போட்டவ." இங்கே அவள் ஸ்பானிய மொழிக்குத் தாவினாள். இருபத்தேழு வருஷமாக அவரை நீங்கள் என்று அழைத்தவள் முதல் தடவையாக நீ என்றாள். அவருக்கு அந்த வித்தியாசம் தெரியாது, கூட்டத்துக்குத் தெரிந்தது. "உன் பொண்டாட்டி சாகும்போது அம்மா பேரைக் கல்லுல கேட்டா. நீ பேப்பர் படிச்சிட்டிருந்த. நான் கடைக்கு வந்து கேட்டேன், கல்லு என்னோடதுன்ன. ஓட்டு வேணும்னதும் வெட்டின. வெட்டினது யாரு பேருன்னு இந்த நிமிஷம் வரைக்கும் உனக்குத் தெரியல."

பிறகு கூட்டத்தைப் பார்த்து, "கல்லு வெட்டினா மேடையில நிக்கறேன்னு வாக்குக் குடுத்திருந்தேன். நின்னாச்சு" என்று மைக்கை அவர் கையில் வைத்தாள்.

அதோடு ஓடிவிடவில்லை. கீழே இறங்கி, வழக்கப்படி, ஒவ்வொரு மேசையாகப் போய் ஒவ்வொருவரையும் தழுவிக் கன்னம் வைத்து விடைபெற்றாள். உடம்பு எப்படி, மருமகள் எப்படி, ஆடு குட்டி போட்டதா என்று விசாரித்தாள். அரைமணி நேரம் ஆனது. மேடையில் மைக்கைப் பிடித்தபடி நின்ற கிரேடியின் முகத்தில் ஈயாடவில்லை.

அவர் அறுபத்து மூன்று ஓட்டில் தோற்றார். பழி தீர்த்தால் மனசு வெறிச்சென்று ஆகிவிடும் என்று சொல்பவர்கள் சரியாகப் பழி தீர்க்காதவர்கள். எர்லிந்தாவுக்கு ஒரு வெறுமையும் இல்லை. நன்றாகத் தூங்கினாள், இரண்டு சுற்றுப் பெருத்தாள். கிடங்கில் யாராவது தெரியாததைத் தெரிந்ததுபோல் பேசினால், "மொந்தால்வோ யாரு?" என்று கேட்பது பழக்கமாகிப்போனது.

ஆத்திரம் தாங்காமல் கிரேடி அந்தக் கல்லை எடுத்துவிடச் சொல்லி காஸ்துலோவிடம் போனார். காஸ்துலோவுக்கு அன்றைக்கு முதுகுவலி. அடுத்த வாரமும் முதுகுவலி. பக்கத்து ஊர்க் கல்வெட்டுக்காரனிடம் போனார். அவன் பெரியம்மாவுக்கும் எர்லிந்தா ஒன்பது நாள் ஜெபம் சொன்னவள். அவனுக்கும் முதுகு பிடித்துக்கொண்டது. கல் நின்றது.

பழைய கல்லில் ஏமி இருந்த பாதியைத்தான் காஸ்துலோ அறுத்தெடுத்திருந்தான். மறு பாதி அங்கேயே இருந்தது. மனைவி சாகும்போதே தன் பெயரையும் பக்கத்தில் வெட்டி வைத்துவிடுவது கிரேடியின் ஆட்களுக்குச் சாதாரணம். வெண்டல் கிரேடி, பிறந்த வருஷம், ஒரு சின்னக் கோடு, அதற்குப் பிறகு காலி. உயிரோடு இருப்பவன் பெயரைக் கல்லறையில் பார்த்தால் தென்பகுதிப் பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டு தள்ளிப் போவார்கள். நவம்பர் இரண்டாம் தேதி, ஆத்மாக்கள் திருநாளன்று, சாமந்திப்பூவும் துடைப்பமுமாக அவர்கள் வேலியைச் சுற்றிக்கொண்டு வடக்கே வந்தபோதும் அதைத் தொடாமல்தான் ஒதுங்கி நின்றார்கள். எர்லிந்தா ஒதுங்கவில்லை. தண்ணீர் வாளியை வைக்கச் சமமான இடம் தேடினாள். அந்தக் கல்லின் தலை நல்ல சமமாக இருந்தது.

தங்கையின் கல்லைப் பாதி கழுவியிருந்தபோது, கையில் ரோஜாக் கொத்தோடு கிரேடி வந்தார். பூக்களைப் பார்த்தார். பெண்களைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார்.

"எர்லிந்தா, அது என் கல்லு."

"தெரியும்."

"வாளியை எடுத்துடேன்."

அவள் அவரை மேலும் கீழுமாக, பம்ளிமாஸை அளவு பார்ப்பதுபோல ஒரு முறை பார்த்தாள். "எடுத்துடறேன். ஆளு இன்னும் வரலையே. வந்ததும் எடுத்துடறேன்."

பெண்களில் ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள். எர்லிந்தா வாளியிலிருந்து ஒரு குவளை மொண்டு மொந்தால்வோவின் மேல் ஊற்றி, பிரஷ்ஷால் தேய்க்கத் தொடங்கினாள். கிரேடி பூவோடு நின்றுகொண்டிருந்தார். யாரும் அவருக்கு இடம் விடவில்லை.